யார் கொடுத்தது என்று சோதனை சொல்லாது: எச்.பி.வி. பற்றி ஒரு வாசகிக்குப் பதில்

வாசகியின் கடிதம்:

எனக்கு 38 வயது. தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகளோடு வசிக்கிறேன். திருமணமாகி 14 ஆண்டுகள் ஆகின்றன. அரசு கிளினிக்கில் முதன்முறையாகப் பாப் ஸ்மியர் (கருப்பை வாயிலிருந்து உயிரணுக்களை எடுத்துச் செய்யும் சோதனை) எடுத்தபோது எச்.பி.வி. என்ற வைரஸின் பதினாறாம் வகை இருப்பதாகவும், கருப்பை வாயின் உயிரணுக்களில் உயர்நிலை மாற்றம் தெரிவதாகவும் சொல்லி, கால்போஸ்கோபி (கருப்பை வாயைக் கருவியால் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை) செய்துகொள்ள மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார்கள். உடலுறவால் பரவும் கிருமி என்று நர்ஸ் சொன்னதை வீட்டில் சொன்னேன். அன்றிலிருந்து நிம்மதி இல்லை. கணவர் தனியார் ஆய்வகத்தில் இரத்தப் பரிசோதனை செய்து, தமக்கு ஒன்றும் இல்லை என்று தாளைக் காட்டி, உனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார். அவரைத் தவிர என் வாழ்வில் யாரும் இல்லை. திருமணத்துக்கு முன் அவருக்கு வேறொரு பெண்ணோடு பழக்கம் இருந்ததை அவரே சொல்லியிருக்கிறார். மாமியார் என் துணிகளைத் தனியாகத் துவைக்கச் சொல்கிறார். ஆடி மாதப் பூசைக்கு என்னைக் கூழ் காய்ச்ச விடவில்லை. இந்தச் சச்சரவில் நான்கு மாதங்கள் ஓடிவிட்டன. நான் இன்னும் மருத்துவமனைக்குப் போகவில்லை. என் கணவருக்கும் புற்றுநோய் வருமா? நாங்கள் சேர்ந்திருக்கலாமா? பத்து வயது மகளுக்கு என்னிடமிருந்து தொற்றியிருக்குமா?

மகளிர் நல மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். நீங்கள் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் விடை தருகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒன்று. நான்கு மாதங்களாகக் கால்போஸ்கோபிக்குப் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்கு முன்பே அந்தப் பரிந்துரைக் கடிதத்தை எடுத்து வெளியே வையுங்கள். குறித்துக் கொடுத்த நாள் தாண்டிப் போயிருந்தால், பாப் ஸ்மியர் எடுத்த அதே கிளினிக்குக்குச் சென்று, ‘உயர்நிலை மாற்றம் என்று முடிவு வந்தது, நாள் தவறிவிட்டது, புதிய நாள் வாங்கித் தாருங்கள்’ என்று வெளிப்படையாகக் கேளுங்கள். தாமதத்துக்காக உங்களைக் கடிந்துகொள்ளும் நர்ஸ் யாரேனும் இருந்தாலும் அதைப் பொருட்படுத்தாமல் நாளை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

உயர்நிலை மாற்றம் என்பது புற்றுநோய் அன்று. கருப்பை வாயின் மேல்தோல் உயிரணுக்கள் இயல்பு மாறியிருக்கின்றன என்றும், அவற்றை அப்படியே விட்டால் ஒரு பகுதியினருக்கு அது புற்றுநோயாக மாறும் என்றும் பொருள். எவ்வளவு பேருக்கு மாறும் என்பது நமக்குத் தெரிந்ததற்குக் காரணம் ஒரு துயரமான வரலாறு. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், சென்ற நூற்றாண்டின் ஐம்பதுகள் முதல் எழுபதுகள் வரை, இத்தகைய மாற்றத்தின் கடுமையான நிலையில் இருந்த பெண்களில் சிலருக்கு முறையான சிகிச்சை தரப்படாமலே விடப்பட்டது. பின்னாளில் அவர்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, சிகிச்சை பெறாதவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 31 பேருக்கு முப்பது ஆண்டுகளுக்குள் புற்றுநோய் வந்திருந்தது. முறையாகச் சிகிச்சை பெற்றவர்களிலோ நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே வந்திருந்தது. உங்கள் நான்கு மாதத் தாமதத்தால் பெரும் கேடு விளைந்திருக்க வாய்ப்பு குறைவு. ஆயினும் எச்.பி.வி. வகைகளிலேயே பதினாறாம் வகை மிகவும் வலியது என்பதால் இனி ஒரு மாதம்கூடத் தள்ளிப்போட வேண்டாம் என்கிறேன்.

கால்போஸ்கோபியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பாப் ஸ்மியர் எடுத்தபோது படுத்தது போலவே படுக்க வேண்டும். மருத்துவர் கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, உருப்பெருக்கிக் கருவி வழியாகப் பார்ப்பார். மாற்றமடைந்த இடங்கள் வெண்மையாகத் தெரியும். தேவையானால் அங்கிருந்து சிறு துணுக்கு எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார். அல்லது அந்த இடத்தையே மரத்துப்போகச் செய்து, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் மாறிய திசுவைச் சீவி எடுத்துவிடுவார். இது சில நிமிடங்களில் முடியும் வேலை. பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புவர். அதன்பின் ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு உடலுறவு கூடாது; சிறிது இரத்தமோ நீரோ கசியும்; காய்ச்சல், துர்நாற்றம், மிகையான இரத்தப்போக்கு இருந்தால் மட்டும் உடனே திரும்பிச் செல்ல வேண்டும்.

இனி உங்கள் வீட்டைப் பிளந்திருக்கும் கேள்விக்கு வருகிறேன். இது எங்கிருந்து வந்தது? மருத்துவத்தால் சொல்ல முடிந்ததையும் முடியாததையும் பிரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில் அரைகுறையாகச் சொல்லும் ஆறுதல் உங்களுக்கு உதவாது.

எச்.பி.வி. என்பது ஒரே வைரஸ் அன்று. இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கையிலும் காலிலும் வரும் சாதாரண மருக்களுக்குக் காரணம் சில வகைகள். ஏறத்தாழ நாற்பது வகைகள் பாலுறுப்புப் பகுதிகளில் தொற்றக்கூடியவை. அவற்றில் ஆறும் பதினொன்றும் பாலுறுப்பு மருக்களை உண்டாக்கும், புற்றுநோயை உண்டாக்குவதில்லை. பதினாறும் பதினெட்டும் சேர்ந்து உலகில் கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் நூற்றுக்கு எழுபதுக்குக் காரணமாகின்றன. உடலுறவு வாழ்க்கை உடையவர்களில் மிகப் பெரும்பான்மையோருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் ஏதோ ஒரு வகை தொற்றிவிடுகிறது. ஒரே ஒருவரோடு மட்டும் வாழ்ந்தவர்களும் இதில் அடக்கம். தொற்றியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு, எந்த அறிகுறியும் இல்லாமல், இரண்டு ஆண்டுகளுக்குள் உடலின் எதிர்ப்பாற்றலே அதை அடக்கிவிடுகிறது. தமக்கு வந்ததும் போனதும் அவர்களுக்குத் தெரியாது. எஞ்சிய சிலருக்கு அது தங்கிவிடுகிறது; வேறு சிலருக்கு, சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து, நீறு பூத்த நெருப்பாக மேல்தோலின் அடியடுக்கில் பல ஆண்டுகள் கிடந்து, பின்னர் மீண்டும் தலைகாட்டுகிறது.

ஆகையால் இன்று சோதனையில் தெரிந்த வைரஸ் சென்ற ஆண்டு வந்ததா, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வந்ததா என்று உலகில் எந்த ஆய்வகத்தாலும் கூற முடியாது. உயிரணுக்களில் உயர்நிலை மாற்றம் இருப்பதும் காலத்தைக் காட்டாது. பதினாறாம் வகை சிலருக்குச் சில ஆண்டுகளிலேயே அத்தகைய மாற்றத்தை உண்டாக்கும். சிலருக்கு நெடுங்காலம் எடுக்கும். இதற்கு முன் நீங்கள் பாப் ஸ்மியர் எடுத்ததே இல்லை என்பதால், முன்பு இருந்ததா இல்லையா என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை.

உங்கள் கணவரைத் தவிர யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் நம்பியே இந்தப் பதிலை எழுதுகிறேன். அப்படியானால் வைரஸ் அவர் வழியாக வந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. இதை மறைத்து எழுதுவது உங்களுக்குச் செய்யும் அநீதி. ஆனால் அவர் வழியாக வந்தது என்பதிலிருந்து அவர் இப்போது துரோகம் செய்கிறார் என்ற முடிவுக்குத் தாவ முடியாது. திருமணத்துக்கு முன் இருந்ததாக அவரே சொன்ன அந்தப் பழக்கம் ஒன்றே போதுமான விளக்கம். அப்போது தொற்றிய வைரஸ் அவருக்கு எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்து, திருமணமான புதிதில் உங்களுக்கு வந்து, பின்னர் அவர் உடலை விட்டு அகன்று, உங்கள் உடலில் மட்டும் தங்கியிருக்கலாம். அப்படி நடப்பது அரிதும் அன்று. இந்தச் சோதனை அவர் உத்தமர் என்று சான்று தரவில்லை. அவரைக் குற்றவாளி என்றும் காட்டவில்லை. உங்களைப் பற்றியும் அவ்வாறே. கணவன் மனைவிக்கு இடையே நம்பிக்கை பற்றிப் பேச வேண்டியது இருந்தால் பேசிக்கொள்ளுங்கள். பாப் ஸ்மியர் தாளை அதற்குச் சாட்சியாக வைக்காதீர்கள்.

அவர் காட்டும் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எச்.பி.வி. இரத்தத்தில் சுற்றித் திரியும் கிருமி அன்று. தோலிலும் உள்ளுறைச் சவ்விலும் ஏற்படும், கண்ணுக்குத் தெரியாத சிறு சிராய்ப்புகள் வழியாக நுழைந்து, அந்த மேல்தோல் அடுக்குகளுக்குள்ளேயே பெருகி, அங்கேயே முடிந்துவிடுவது. எச்.ஐ.வி., சிபிலிஸ், மஞ்சள் காமாலை பி வகை ஆகியவற்றை இரத்தத்தில் காணலாம், எச்.பி.வி. இருக்கிறதா என்பதை இரத்தம் சொல்லாது. ஆண்களுக்கென்று வழக்கமான பரிசோதனையாக அங்கீகரிக்கப்பட்ட எச்.பி.வி. சோதனை எதுவும் இல்லை. ஆகவே அவர் பணம் கொடுத்து வாங்கிய அந்தத் தாள் வேறு நோய்கள் இல்லை என்பதைக் காட்டலாம். இந்தக் கேள்விக்கு அதில் விடை இல்லை. இன்னொரு ஆய்வகத்துக்குச் சென்று மேலும் பணம் செலவழிக்கவும் வேண்டாம்.

பரவும் வழியைச் சரியாக அறிந்துகொள்வது உங்கள் மாமியாரின் அச்சத்தையும் தீர்க்கும். தோலும் தோலும், சவ்வும் சவ்வும் நெருங்கி உரசுவதால் இது பரவுகிறது. முழு உடலுறவு மட்டுமன்றி, பாலுறுப்புகள் உரசும் நெருக்கமும், வாய்வழி, ஆசனவாய்வழி உறவும் பரப்பக்கூடியவை. இருமலாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ, கழிப்பறையில் அமர்வதாலோ, துணிகளைச் சேர்த்துத் துவைப்பதாலோ உங்கள் கருப்பை வாயில் உள்ள வைரஸ் வீட்டாருக்கு வராது. நீங்கள் காய்ச்சும் கூழில் அது கலக்காது. இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டலாமென்றால் காட்டுங்கள்: அம்மா, உங்கள் மருமகள் அசுத்தமானவர் அல்லர், ஆத்தாளுக்குப் படைக்கும் கூழை அவர் தாராளமாகக் காய்ச்சலாம். உங்கள் தலைமுறையில் எத்தனையோ பெண்கள் இந்த நோய் முற்றிய பின்பே மருத்துவமனைக்கு வந்தார்கள். இரத்தப்போக்கை வெட்கத்தால் மறைத்து, வலியைப் பொறுத்துக்கொண்டு, கடைசியில் வந்தவர்கள் உங்கள் உறவிலும் யாரேனும் இருந்திருப்பார்கள். தென்னாப்பிரிக்காவில் பெண்களைக் கொல்லும் புற்றுநோய்களில் இது இன்றும் முன்வரிசையில் நிற்கிறது. உங்கள் மருமகளுக்கு அது வருமுன்பே அடையாளம் தெரிந்திருக்கிறது. அவர் மருத்துவமனைக்குப் போகும் நாளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

உங்கள் கணவருக்குப் புற்றுநோய் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் நொந்துபோன நிலையிலும் அவரைப் பற்றிக் கேட்டிருப்பது எனக்குத் தெரிகிறது. ஆண்களுக்கு எச்.பி.வி.யால் ஆணுறுப்பு, ஆசனவாய், தொண்டையின் டான்சில் பகுதி, நாக்கின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் புற்றுநோய் வரலாம். இவற்றில் ஆணுறுப்புப் புற்றுநோய் மிக அரிது. தொண்டைப் புற்றுநோய் சில நாடுகளில் ஆண்களிடையே கூடிக்கொண்டு வருகிறது; அமெரிக்காவில் எச்.பி.வி.யால் ஆண்களுக்கு வரும் தொண்டைப் புற்றுநோய் பெண்களின் கருப்பைவாய்ப் புற்றுநோயையே எண்ணிக்கையில் மிஞ்சிவிட்டது. அங்கும் அதற்கும் பதினாறாம் வகையே முதற்காரணம். இருந்தாலும் மனைவிக்கு எச்.பி.வி. இருப்பதால் ஒரு தனி ஆணுக்கு ஏற்படும் ஆபத்து சிறியதே. பதினான்கு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர் என்ற முறையில் உங்கள் வைரஸ் அவருக்குப் புதியதன்று. அவர் உடல் அதை முன்பே எதிர்கொண்டிருக்கும். கருப்பை வாயில் இரு வகைத் திசுக்கள் சந்திக்கும் ஒரு வளையம் உண்டு. அந்த இடமே இந்த வைரஸுக்கு எளிதில் இடம் கொடுக்கிறது. ஆணுறுப்பில் அதற்கு இணையான இடம் இல்லாததால் அதே வைரஸ் ஆணிடம் பெரும்பாலும் வந்த சுவடின்றிப் போய்விடுகிறது. இந்தச் சுமை பெண்மீதே அதிகம் விழுவது இயற்கையின் ஓரவஞ்சனை. அதன்மேல் பழியையும் அவள்மீதே போடுவது மனிதர் செய்வது.

அவர் செய்ய வேண்டியவை சில உண்டு. ஆணுறுப்பிலோ ஆசனவாயைச் சுற்றியோ மரு, ஆறாத புண், நிறம் மாறிய தழும்பு இருக்கிறதா என்று மருத்துவரிடம் ஒருமுறை காட்டலாம். சில வாரங்களில் போகாத தொண்டை வலி, விழுங்குவதில் தடை, கழுத்தில் வலியில்லாத கட்டி, ஆசனவாயில் இரத்தக் கசிவு ஆகியவற்றை அவர் எந்த வயதிலும் அலட்சியப்படுத்தக் கூடாது. அவர் புகைப்பவராக இருந்தால், நிறுத்துவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. புகையிலை இந்த வைரஸை உடலில் தங்க வைக்கிறது. அதே வீட்டில் வாழும் உங்களுக்கும் புகை நல்லதன்று. நீங்கள் புகைப்பதாக எழுதவில்லை. புகைப்பவரானால் உங்களுக்கும் இதே சொல்.

இன்னொரு பரிசோதனையை இருவரும் சேர்ந்து செய்துகொள்ளுங்கள் என்று வற்புறுத்துகிறேன்: எச்.ஐ.வி. பரிசோதனை. இதை ஐயத்தால் சொல்லவில்லை. எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. வழக்கமாகப் பதினைந்து இருபது ஆண்டுகளில் நடக்கும் மாற்றம், எச்.ஐ.வி.க்கு மருந்து எடுக்காதவர்களுக்கு ஐந்து முதல் பத்து ஆண்டுகளிலேயே நடந்துவிடலாம். அதனால்தான் இந்நாட்டு அரசின் திட்டத்தில், எச்.ஐ.வி. இல்லாத பெண்களுக்கு 30 வயது முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை என்று மூன்று இலவசப் பரிசோதனைகளும், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அது தெரிந்த உடனேயும் பின்னர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் என்று வேறு வேறு முறை வகுத்திருக்கிறார்கள். உங்கள் கணவரின் தாளில் எச்.ஐ.வி. முடிவு இருந்தால் அது அவருடையது மட்டுமே; உங்களுக்குத் தனியாக வேண்டும்.

நீங்கள் சேர்ந்திருக்கலாமா என்றால், சிகிச்சைக்குப் பிந்தைய அந்த நான்கு வாரங்களைத் தவிர, இந்த வைரஸின் பொருட்டு நீங்கள் பிரிந்து படுக்க வேண்டியதில்லை. இருவரிடையே ஒரே வகை மாறி மாறித் தாவி நோயை வளர்க்கும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். நெடுநாள் சேர்ந்து வாழும் இணையரை அதற்காகப் பிரித்து வைக்க வேண்டியதில்லை. ஆணுறை பயன்படுத்துவது உங்கள் விருப்பம். அது மூடாத தோலிலும் வைரஸ் இருப்பதால் முழுக் காப்பு தராது. ஆனால் பயனற்றது என்று தள்ளிவிடவும் கூடாது. 2006-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எப்போதும் ஆணுறை பயன்படுத்திய இணையர் உள்ள இளம்பெண்களுக்கு, அரிதாகப் பயன்படுத்தியவர்களைவிட, எச்.பி.வி. தொற்றுவது நூற்றுக்கு எழுபது குறைந்திருந்தது. நாளை உங்களில் யாருக்கேனும் வேறொரு துணை அமையுமானால் அவரிடம் இதைச் சொல்வதும் ஆணுறை அணிவதும் முறை. நெருக்கத்தின்போது இரத்தம் கசிந்தால் மட்டும் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

உங்கள் மகளுக்கு உங்களிடமிருந்து இந்த வைரஸ் அன்றாட வாழ்க்கையில் தொற்றாது; இது பரம்பரை நோயும் அன்று. ஆனால் பத்து வயது என்பது தடுப்பூசிக்கு மிகப் பொருத்தமான வயது. இந்த வைரஸை எதிர்கொள்வதற்கு முன்னரே போட்டுக்கொண்டால்தான் முழுப் பயன். ஸ்வீடன் நாட்டில் பதினேழு வயதுக்கு முன் தடுப்பூசி பெற்ற பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோய் நூற்றுக்கு 88 குறைந்திருந்ததை 2020-இல் வெளியிட்டார்கள். தென்னாப்பிரிக்க அரசு 2014 முதல் அரசுப் பள்ளி மாணவியருக்கு இதை இலவசமாகப் போட்டு வருகிறது. பெற்றோர் கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் படிவம் வீட்டுக்கு வந்ததா, புத்தகப் பையிலேயே கிடக்கிறதா என்று இன்றே பாருங்கள். எந்த வகுப்பில் போடுகிறார்கள் என்று பள்ளியிலும் கேளுங்கள். அவள் தனியார் பள்ளியில் படித்து, அங்கே போடாவிட்டால், குடும்ப மருத்துவரிடமோ மருந்தகக் கிளினிக்கிலோ பணம் கொடுத்துப் போட வேண்டியிருக்கும். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இருந்தால் அது ஏற்குமா என்று விசாரியுங்கள். சிறு வயதில் இந்த ஊசி எதற்கு, அது பிள்ளையைத் தவறான வழிக்குத் தூண்டாதா என்று நம் வீடுகளில் கேட்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நாம் ஈன்ற பெண் ஒரு நாள் திருமணம் செய்துகொள்வாள். அவள் கணவனின் கடந்த காலத்தை நாம் இன்றே தேர்ந்தெடுக்க முடியாது. மகனிருந்தால் அவனுக்கும் போடலாம். பல நாடுகளில் ஆண்பிள்ளைகளுக்கும் போடுகிறார்கள்.

இதே ஊசி உங்கள் உடலில் இப்போது உள்ள வைரஸை அகற்றாது. உங்கள் கணவருக்குப் போட்டாலும் ஏற்கெனவே தொற்றியதைத் தீர்க்காது. வைரஸைக் கொல்லும் மாத்திரையும் இல்லை. ‘எச்.பி.வி.யை அடியோடு ஒழிக்கும்’ என்று விற்கப்படும் பொடிகளையும் தைலங்களையும் வாங்காதீர்கள். பிறப்புறுப்புக்குள் எதையும் தடவவோ கழுவவோ வேண்டாம். மாறிய திசுவை அகற்றிவிட்டால் பெரும்பாலோருக்கு வைரஸும் அடுத்து வரும் மாதங்களில் மறைந்துவிடுகிறது.

சிகிச்சையோடு இது முடிந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் மறுபரிசோதனை உண்டு. அதில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும், உயர்நிலை மாற்றத்துக்குச் சிகிச்சை பெற்ற பெண்ணுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாகவும் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல் ஆபத்து நீடிப்பதால், பத்து ஆண்டுக்கு ஒருமுறை என்ற பொது விதி இனி உங்களுக்குப் பொருந்தாது. அடுத்த பரிசோதனை எப்போது என்பதைக் கால்போஸ்கோபி செய்யும் மருத்துவரிடம் தேதியோடு எழுதி வாங்குங்கள். அந்தத் தாளின் படம் ஒன்று உங்கள் கைப்பேசியிலும் ஒன்று உங்கள் கணவரின் கைப்பேசியிலும் இருக்கட்டும். இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். எச்.பி.வி. கருத்தரிப்பதைத் தடுப்பதில்லை, ஆனால் அதிக ஆழமாகத் திசு எடுத்தால் பின்னர் குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பு சிறிது கூடும் என்பதால், எவ்வளவு ஆழம் எடுப்பது என்பதை அவர் அதற்கேற்ப முடிவு செய்வார்.